சித்திரை ஒன்றும் லோரோங் பர்மாவும்



சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து, "சார், நமக்குப் புத்தாண்டு வரும்போதே சயாமியருக்கும் பர்மியருக்கும் ஏன் வருகிறது?" என்று கேட்டாள். அவள் வீடு புலாவ் திக்குஸ் வட்டாரத்தில். அங்கே லோரோங் பர்மாவில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பௌத்த ஆலயங்களில் ஏப்ரல் நடுவில் நீர்விழா நடப்பதைக் கண்டு வளர்ந்தவள். "நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது பிழையான விடை. அதைத் திருத்தவே இதனை எழுதுகிறேன்.

பினாங்கில் ஆங்கிலேயர் கொடியேற்றியது 1786-இல். பர்மியரின் தம்மிகாராம ஆலயம் 1803-இலும், குவீன் வீதியில் நம் மகா மாரியம்மன் ஆலயம் 1833-இலும், சயாமியரின் வாட் சாயாமங்களாராம் 1845-இலும் எழுந்தன. அறுபது ஆண்டுக்குள் மூன்று இனத்தாரும் இவ்வூரில் தத்தம் புத்தாண்டுக்கு இடம் தேடிக்கொண்டனர்.

சயாமியர் அதனைச் 'சொங்க்ரான்' என்பர். பர்மியர் 'திஞ்சான்' என்பர். இரண்டுக்கும் வேர் 'சங்கராந்தி' என்னும் வடசொல்லே. கதிரவன் ஓர் ஓரையிலிருந்து மற்றோர் ஓரைக்குப் பெயர்தல் என்பது பொருள். மேழ ஓரையில் (மேஷ ராசி) அவன் நுழையும் நாளே நமக்குச் சித்திரை ஒன்று. இந்திய வானியல் கணிப்பு கடல் கடந்து பர்மாவுக்கும் சயாமுக்கும் கம்போடியாவுக்கும் சென்றது உண்மை. ஆனால் அது தமிழர் மட்டும் ஈன்ற பிள்ளையன்று. நாமும் அதே கணிப்பைப் பெற்றவர்களே. கொடுத்தவர் என்று மார்தட்டிய எனக்கு இதை ஒப்புக்கொள்ளச் சற்று நாணமாகவே இருந்தது.

ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இந்த மேழ நுழைவும், பகலும் இரவும் ஒத்திருக்கும் மார்ச் மாத நாளும் ஒன்றாகவே வந்தன. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் விண்மீன்களை வைத்து அளக்கும் ஆண்டு, பருவத்தை வைத்து அளக்கும் ஆண்டைவிட 20 நிமிடம் நீளம். ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளித் தள்ளி இன்று ஏப்ரல் 14-க்கு வந்து நிற்கிறோம். வியப்பு என்னவென்றால், பர்மியரும் சயாமியரும் சிங்களவரும் நம்மோடு சேர்ந்தே தள்ளி வந்திருக்கிறார்கள்!

தையா சித்திரையா என்ற வழக்கு நம் ஆசிரியர் அறையிலும் ஓய்ந்தபாடில்லை. தமிழக அரசு 2008-இல் தை முதல் நாளே புத்தாண்டு எனச் சட்டம் இயற்றியது; 2011-இல் அடுத்த அரசு அதை நீக்கியது. அறுபது ஆண்டுப் பெயர்கள் வடமொழி என்று தை அணியினர் சொல்வது சரியே. ஆயினும் பெயர்ப் பட்டியல் வேறு, கதிரவனின் நடை வேறு என்பது என் துணிபு. சயாம் அரசும் 1889-இல் ஆண்டுத் தொடக்கத்தை ஏப்ரல் 1-க்கும், 1941-இல் சனவரி 1-க்கும் மாற்றியது. மக்களோ இன்றளவும் சொங்க்ரானில் புத்தர் திருவுருவத்தை நறுநீரால் ஆட்டி, மூத்தோர் கைகளில் நீர் வார்த்து வாழ்த்துப் பெறுகின்றனர். யாழ்ப்பாணத்தார் அன்று தலையில் மருத்துநீர் வைத்து முழுகுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சென்ற சித்திரையில் அம்மாணவியை ஆலய வாசலில் கண்டேன். இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். பழைய விடை தவறென்று சொல்லி இவற்றையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பஞ்சாபியருக்கும் அதுதானே, சார்?" என்றாள். நான் அதை எண்ணியிருக்கவில்லை. குரு கோவிந்த் சிங் 1699-இல் கால்சாவைத் தொடங்கியது வைசாகி நாளில். 1903-இல் கட்டி முடித்த நம்மூர்ப் பெரிய குருத்துவாராவுக்கும் அதுவே பெருநாள். சீக்கியர் அந்நாளில் கொடிமரத்தின் பழைய துணியைக் களைந்து, மரத்தைப் பாலும் நீரும் விட்டுக் கழுவி, புதுத்துணி சுற்றிக் கொடியேற்றுவது வழக்கம்.