கரம்பனில் இருந்து எருசலேம் வரை: இரண்டாவது பாடம் எதுக்கு?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் உளவியல் பட்டத்தோடு யூதவியலையும் சேர்த்துப் படிக்கலாம். இதை ஊரில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "உளவியல் சரி, ஒரு வேலை கிடைக்கும். மற்றது என்னத்துக்கு?" வேலணையிலோ நெடுந்தீவிலோ இருக்கிற பிள்ளைக்கு யூதரின் மொழியும் வரலாறும் சோறு போடுமா எண்டு கேக்கிறது நியாயம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கட தீவுப்பகுதி வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கு.

தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பனில் பிறந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி, கொழும்பில் குருமடம், பிறகு ரோம் எண்டு அவரின் படிப்பு போனது. அந்தக் காலக் குருமடங்களில் மனம், உணர்வு, அறிவு பற்றின பாடம் மெய்யியலுக்குள்ளேயே இருந்தது. யூதரின் வேதமான பழைய ஏற்பாடு, இறையியல் மாணவர் தவிர்க்க முடியாத பாடம். ஆக, மனத்தைப் பற்றின படிப்பும் யூத வேதமும் ஒரே மேசையில் இருந்த காலம் அது. 1939இல் அவர் முனைவர் பட்டம் பெற்றது, ஆபிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜ் நகரத்துப் பழைய குருக்களைப் பற்றின ஆய்வுக்கு. அதில் தமிழ் இல்லை.

தமிழ் பிறகுதான் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பிச்சுப்போட்டு, 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். முப்பது வயது தாண்டி, கையில் ரோமாபுரி முனைவர் பட்டத்தோடு, திரும்பவும் வகுப்பில் மாணவர்.

அங்கே அவர் எடுத்த ஆய்வுப் பொருள் சங்கக் கவிதையில் இயற்கை. கிரேக்க, இலத்தீன் கவிதைகளை அறிந்த கண்ணோடு அவர் சங்கப் பாட்டை வாசிச்சார். குறிஞ்சி, முல்லை, நெய்தல் எண்டு பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாடமாக்கினதை அப்படிப் பக்கத்தில் வைச்சுப் பார்த்தால்தான் அதன் புதுமை தெரியும். இந்தப் பாட்டுகளில் நிலம் பின்னால் தொங்கவிட்ட படம் இல்லை. கடற்கரை எண்டால் இரங்கல், காடு எண்டால் காத்திருத்தல் எண்டு மனத்தின் நிலைகளையே நிலமாகப் பிரிச்சு வைச்ச ஒரு மரபு. சின்ன வயசிலிருந்து பழகினதால் எங்களுக்கு இது அதிசயமாகப் படுறதில்லை.

1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்க அடிகள் முன்னின்றார். 1966இல் முதல் மாநாடு கோலாலம்பூரில். 1968இல் இரண்டாவது சென்னையில். அந்தச் சென்னை மாநாட்டின் ஆய்வுத் தொகுதியில் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைம் ராபினின் கட்டுரை ஒண்டு இருக்கு. எபிரேய வேதத்தில் வருகிற சில சொற்களை வைச்சு, பழைய தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையிலான வணிகத்தைப் பேசுகிற கட்டுரை அது. சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களில் வருகிற 'துக்கி' எண்ட சொல், மயிலைக் குறிக்கிற எங்கட 'தோகை' எண்டு கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லப்படுகிறது. 1973இல் ராபின் இன்னும் ஒரு படி போய், வேதத்தில் உள்ள காதல் பாடலான உன்னதப்பாட்டை அகப்பாடல்களோடு ஒப்பிட்டு எழுதினார். பெண்ணே பேசுகிற குரல், பிரிவின் ஏக்கம், இயற்கையோடு கலந்த ஆசை. எபிரேய அறிஞர் ஒருவர் தன் வேதத்தை விளங்கிக்கொள்ளச் சங்கப் பாட்டிடம் வந்தார்.

இதைப் பிடிச்சுக்கொண்டு "எபிரேயத்துக்கே தாய் தமிழ்தான்" எண்டு முகநூலில் எழுத வெளிக்கிட வேண்டாம். கடன்சொல் வணிகத்துக்குச் சாட்சி, வேறொண்டுக்கும் இல்லை. 'துக்கி' மயில் இல்லை, ஒருவகைக் குரங்கு எண்டு வாதிட்ட அறிஞரும் உண்டு. பெருமை தேடி வாசிக்கிறவருக்கு இந்த மறுப்புக் கண்ணில் படாது.

சரி, இண்டைக்கு உளவியல் படிக்கிற பிள்ளைக்கு இதில் என்ன இருக்கு? 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகில் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990, 1991இல் வேலணை, புங்குடுதீவுப் பக்கத்துச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. போர் தந்த மனவடுவை ஒருவரின் நோயாக மட்டும் பார்க்காமல் ஒரு சமூகத்தின் காயமாகப் பார்க்கவேணும் எண்டு யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். உலகத்தில் இந்தத் துறை வளர்ந்ததில் நாசி முகாம்களில் தப்பினவர்களைப் பற்றின ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படித் தப்பின யூதர்கள் அழிஞ்ச தங்கட ஊர்களுக்கு நினைவுப் புத்தகங்கள் தொகுத்தார்கள். தெரு, கடை, பள்ளிக்கூடம், செத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். யூத வரலாற்றை வாசிக்கிறது இண்டைய எந்த அரசுக்கும் கையெழுத்துப் போடுறது இல்லை. ஊர் இழந்த சனம் என்ன செய்தது எண்டு பார்க்கிறது.

அந்தப் புத்தகங்களை அறிஞ்ச ஒரு உளவியல் மாணவர், புலம்பெயர்ந்த எங்கட சனம் வெளியிடுகிற ஊர் மலர்களை வேற கண்ணால் பார்ப்பார். மற்றவர்கள் விளம்பரமும் வாழ்த்துச் செய்தியும் எண்டு தள்ளிவிடுகிற பக்கங்களில், ஒரு ஊரே தன்னை மறக்காமல் இருக்க எடுத்த முயற்சி அவருக்குத் தெரியும். எதை எழுதினம், எதைச் சொல்லாமல் விட்டினம் எண்டும் கேட்பார். இந்த வேலை எங்கட தீவுகளுக்கு இன்னும் செய்யக் கிடக்கு.