காணொளிக் கிடங்கின் வாடகைக் கணக்கு

பொருளைக் காத்து வைப்பதற்கு வாடகை பெறுவது, துறைமுகம் உள்ள ஊர்களிலெல்லாம் தொன்றுதொட்டு நிலவும் வழக்கம். மூட்டைக்கு இத்துணை, மாதத்திற்கு இத்துணை என்பது கணக்கு. காணொளிகளை ஏற்று வைத்து உலகோர்க்குக் காட்டும் நிறுவனங்கள் விதிக்கும் சேமிப்புக் கட்டணமும் இவ்வகையினதே. ஆயின், கிடங்கு மூட்டை ஒரு முறையே வெளியேறும். காணொளியோ உள்ளே இருந்தபடியே ஆயிரம் முறை வெளியே செல்லும். குழப்பம் பிறந்தது இங்கேதான்.

கணிப்பொறியின் சேமிப்பிடத்திற்கு வாடகை என்பது புதிதன்று. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ராமாக் பொறி, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளை ஏந்தியது. அதன் மாத வாடகை 3,200 அமெரிக்க டாலர். இக்காலத்துக் காணொளியில் பத்து வினாடிகூட அதில் அடங்காது.

அரை நூற்றாண்டு கழிந்து, 2006 மார்ச்சில், அமேசான் நிறுவனம் எஸ்3 என்னும் சேவையைத் தொடங்கியது. ஒரு ஜிகாபைட்டை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட். வெளியே அனுப்ப 20 சென்ட். இவ்விரு விலைகளையும் அருகருகே வைத்தால் உண்மை புலப்படும். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு மணி நேரக் காணொளி 2.25 ஜிகாபைட் ஆகும். அதனைக் காக்க மாதம் ஏறத்தாழ 34 சென்ட். ஒருவர் முழுதும் பார்த்தால் 45 சென்ட். பத்தாண்டு வாடகை 40 டாலர் 50 சென்ட் மட்டுமே. ஆயிரம் பேர் பார்த்துவிட்டாலோ 450 டாலர்!

அங்ஙனமாயின், மலிவான சேமிப்பின்மீது கட்டணம் விதிப்பானேன்? எத்துணைக் காணொளிகளை ஏற்றுவது என்பது வாடிக்கையாளரின் கையில் உள்ளது. எத்துணைப் பேர் பார்ப்பர் என்பது எவர் கையிலும் இல்லை. முன்கூட்டி அறியக்கூடிய தொகையையே மக்கள் விரும்பிக் கட்டுவர். பெரும்பாலான காணொளிகளைப் பார்ப்போர் சிலரே. ஆதலின் நிறுவனத்திற்கும் நட்டமில்லை. நியூயார்க்கில் 2004இல் தோன்றிய விமியோ, 2011இல் வணிகர்க்கென ஒரு திட்டம் வகுத்தபோது, ஆண்டுக்கு 199 டாலருக்கு 50 ஜிகாபைட் இடம் தந்து, 2,50,000 காட்சிகள் என்ற வரம்பையும் உடன் வைத்தது. விவரம் அறிந்தோர் செயல் அது. 2022இல் அதே நிறுவனம், அனுப்பும் அளவு மிகுந்துவிட்டதெனச் சில படைப்பாளரிடம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கவே, கண்டனம் எழுந்தது. அதன்பின்னரே மாதம் 2 டெராபைட் என்ற எல்லை தெளிவாக்கப்பட்டது. மேற்சொன்ன காணொளியை ஏறத்தாழ 890 பேர் முழுதும் பார்த்தால் அவ்வெல்லை முடிந்துவிடும்.

சேமிப்புக் கட்டணத்தில் வேறொரு நுட்பமும் உண்டு. மாதந்தோறும் 100 ஜிகாபைட் சேர்ப்பவர், பன்னிரண்டாம் மாதத்தில் 1,200 ஜிகாபைட்டுக்கு வாடகை தருகிறார். புதிதாக ஏற்றுவது கூடவில்லை, விலையும் ஏறவில்லை. பழையது நீங்காமையால் தொகை ஏறுகிறது.

எஸ்3 சேவையின் சேமிப்பு விலை 2016 டிசம்பரில் 2.3 சென்ட்டுக்கு இறங்கியது. இவ்வளவு மலிந்த பின்னரும் பழைய சரக்கு சுமையாயிற்று. ஆட்டங்களை நேரலையாகக் காட்டும் டுவிட்ச் நிறுவனம், ஒவ்வொருவரும் சேமித்து வைக்கும் தொகுப்புகளுக்கு 100 மணி நேரம் என்னும் எல்லையை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஓர் ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடித்துச் சாதனை படைப்போர் இதனால் கலங்கினர். அவர்தம் சாதனைகளுக்குச் சான்று அப்பதிவுகளே. எவரும் பாராத ஏடே பிற்கால ஆராய்ச்சியாளன் தேடி அலையும் ஏடாவதுண்டு. கிடங்குக்காரனின் கணக்கில் அதற்கு இடமில்லை. எல்லையைக் கடந்தோரின் தொகுப்பில், பார்வை மிகக் குறைந்தவையே ஏப்ரல் 19 முதல் முதற்கண் நீக்கப்படும் என்பது அவ்வறிவிப்பு.