பாதிப் படியில் நின்றவர்கள்

குற்றாலம் என்றதும் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி என்று அடுக்குவர். வெயில் காலத்தில் அவை வற்றிவிடும். வற்றாத அருவி ஒன்றும் அங்கு உண்டு: குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானம் 1964ஆம் ஆண்டில் நிறுவிய பராசக்தி மகளிர் கல்லூரி. அதன் அருமையை உணர, பின்னோக்கிச் சற்று நடந்து வருவோம், தோழர்களே!

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன்பின் வெளியூர்களில் எழுந்த கல்லூரிகள் பல, 'இரண்டாம் தரக் கல்லூரிகள்' எனப்பட்டன. எஃப்.ஏ. என்றும் பின்னர் இன்டர்மீடியட் என்றும் பெயர் பூண்ட முதல் ஈராண்டுப் படிப்பே அங்குக் கிடைக்கும். பி.ஏ. பட்டத்திற்கு எஞ்சிய ஈராண்டை முதல் தரக் கல்லூரியில் கழிக்க வேண்டும். 1878இல் கல்லூரியாக உயர்ந்த நெல்லை இந்துக் கல்லூரியும் இரண்டாம் தரமாகவே தொடங்கியது.

தென்காசியிலிருந்து நெல்லைக்கு வருவதே அரும்பாடு. அங்கிருந்து சென்னைக்கோ அறுநூறு கிலோமீட்டர்! போனவன் யார்? பட்டணத்தில் உறவும், விடுதிச் செலவுக்கு நிலமும் உடையவன். ஏர் பிடித்தவன் மகனும் தறி நெய்தவன் மகனும் பாதியில் நின்றனர். நின்றவனுக்குத் தலைவிதி என்று பெயரிட்டனர். விதி எங்கே வந்தது இதில்? மாடிப்படியைப் பாதியோடு நிறுத்தியவன் மனிதன்!

பெண்ணுக்கோ முதற்படியே மதில். தேவதாசி மரபில் வந்த தாயின் மகளான முத்துலட்சுமி, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர மன்னரின் ஆணையே வேண்டியிருந்தது. அங்கிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1912இல் பட்டம் பெற்றார். ஒருத்திக்கு மன்னர் துணை நின்றார்; மற்ற மகளிர்க்கு?

துணை சட்டமாக வரவேண்டியிருந்தது. 1922இல் நீதிக்கட்சி ஆட்சி, அரசுக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்குக் குழுக்களை அமைத்தது. 1925இல் அது கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம், கோயிலின் வரவு செலவை மேற்பார்வையிட வாரியம் கண்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், கோயிலின் உபரி வருவாயைக் கல்வி நிலையங்களுக்கும் செலவிட இடமளித்தது. குற்றாலத்தில் கல்லூரி எழுந்தபோது ஆண்டது காங்கிரசு; அதற்குப் பாதை வெட்டியது அந்தப் பழைய சட்டம். பெண்ணுக்குப் பொட்டுக்கட்டிய மரபைக் காத்த கோயில் செல்வம், பெண்ணுக்குப் பட்டம் தரும் பணிக்கு வந்தது. இதனினும் பெரிய புரட்சி வேறென்ன?

படிகளும் மாறின. 1956இல் இன்டர்மீடியட் போய், ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பும் வந்தன. 1978இல் புகுமுக வகுப்பும் போய், மேல்நிலை வகுப்பு ஊர்ப் பள்ளிக்கே வந்தது. கல்லூரி வாயிலில் ஆங்கிலத்தோடு நின்ற தடைப்படி, தாய்மொழியில் ஏறக்கூடிய பள்ளிப்படியாயிற்று.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில், 2022இல் தமிழ்நாட்டு அரசு ஒரு திட்டம் கண்டது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சென்ற மாணவிக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய். சேர்ந்த அன்று மட்டுமன்று, படிப்பு முடியும்வரை! திட்டத்தின் உயிர் அந்த 'முடியும்வரை'யில் இருக்கிறது. சேர்ப்பது பாதிப் பணி. முடிக்கச் செய்வது மறுபாதி.

அந்த மறுபாதி நம் கையில் இருக்கிறது. தென்காசி வட்டாரத்தில் பீடித் தட்டின்முன் அமர்ந்திருக்கும் தாயர் எத்தனை பேர்! அவர்தம் மகள் முதலாண்டோடு நின்றால், ஏன் நின்றாள் என்று கேட்டீர்களா? பல்தொழில் பயிலகத்தில் பட்டயம் பெற்றவன் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம் என்பதை அவனுக்குச் சொன்னீர்களா? வேலைக்குப் போனவளுக்கு 2002இல் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைக் காட்டினீர்களா?

மேடையில் சமநீதி முழங்கும் இளைஞனே, தெருவுக்கு ஒருவராகத் தேடு. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடு. கட்டணத்திற்கு வழி சொல். தேர்வு நாளன்று உடன் செல். பாதிப் படியில் நிற்பவரின் கையைப் பிடித்து மேலேற்றுவதும் பகுத்தறிவுப் பணியே!