மூன்று குறியிலிருந்து சோதனை வரை

பைத்தானைத் திறந்தா `>>>` என்று மூன்று குறி வந்து நிற்கும். ஒரு வரி அடிச்சா உடனே விடை. சரியா வரலையா, மாத்தி அடிச்சுப் பாக்கலாம். பழைய வழக்கம்தான் இது. 1964-ல் பிடிபி-1 கணினிக்கு பீட்டர் டாய்ச் எழுதிய லிஸ்ப்பிலேயே இப்படி உரையாட முடிந்தது.

சிக்கல் என்னன்னா, ஜன்னலை மூடினதும் எல்லாம் போயிடும். வேலை செய்த வரிகளை மட்டும் கோப்புக்கு எடுத்துட்டுப் போவோம். அவை சரிதான்னு நம்மை நம்ப வைத்த விடைகள் அங்கேயே அழிஞ்சிடும். ஆறு மாசம் கழிச்சு வேறொருத்தர் அந்தக் கோடில் கை வைக்கும்போது அவருக்குத் துணை எதுவும் இருக்காது.

1999-ல் டிம் பீட்டர்ஸ் இதற்கு ஒரு எளிய வழி கண்டார். அந்த உரையாடலை அப்படியே வெட்டி, ஃபங்ஷனுக்குள் இருக்கும் விளக்கக் குறிப்பில், அதாவது டாக்ஸ்ட்ரிங்கில், ஒட்டிவிட வேண்டியதுதான். அவர் எழுதிய டாக்டெஸ்ட் `>>>` வரிகளைத் தேடி எடுத்து, மறுபடி ஓட்டி, கீழே இருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். 2001-ல் பைத்தான் 2.1-இல் அது சேர்ந்தது.

அதன் பலமும் பலவீனமும் 2008-ல் பைத்தான் 3 வந்தபோது தெரிந்தது. பழைய பைத்தானில் `7 / 2` என்றால் 3. புதியதில் 3.5. இந்த ஒரு வரி டாக்ஸ்ட்ரிங்கில் இருந்தால் மாற்றம் உடனே பிடிபடும். இல்லைன்னா கணக்கு சத்தமில்லாமல் தப்பாகும். ஆனா யூனிகோட் சரங்களுக்கு முன்னால் அச்சாகும் `u` என்ற எழுத்து புதியதில் மறைந்ததும், பொருள் மாறாத சோதனைகளும் தோற்றன. டாக்டெஸ்ட் பார்ப்பது அச்சான எழுத்தை மட்டும்தான்.

2011-ல் ஐபைத்தான் நோட்புக் வந்தது. இப்போ உரையாடல் அழியாமல் சேமிக்கப்படும். ஆனா கட்டங்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்பதால், திரையில் இருக்கும் விடை மேலிருந்து கீழ் ஓட்டினால் வரும்னு உறுதியில்லை. 2018-ல் ஜோயல் கிரஸ் ஜூபிடர்கான் மேடையிலேயே நோட்புக் தனக்குப் பிடிக்கலைன்னு பேசினதுக்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த வருஷம் ஃபாஸ்ட்.ஏஐ வெளியிட்ட என்பிடெவ், குறியிட்ட கட்டங்களை நிரல்தொகுதியாக எடுத்து, மற்றவற்றைச் சோதனையாக ஓட்டியது.

கருவிகள் மாறினாலும் ஒரு வேலை நம்மிடமே இருக்கு. அடிச்ச நூறு வரியில் எந்த விடை மாறினால் ஆபத்துன்னு நாமதான் சொல்லணும். ஜன்னலை மூடுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு மூணை மட்டுமாவது எடுத்து வையுங்க.