எதிரிக்கும் ஒரு நீதிமன்றம் – 9: பன்னிரண்டில் ஒருவர்

நீதிபதி லூயிஸ் கப்லான் என்ன சொல்லப்போகிறார் என்று அரசுத் தரப்பு காத்திருந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 2010 அக்டோபர் 6. இரட்டைக் கோபுரம் நின்ற இடத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள மன்ஹாட்டன் நீதிமன்றம். அஹமத் கைலானிக்கு டி.என்.டி. வெடிமருந்து விற்றேன் என்று சொல்ல, தான்சானியாவிலிருந்து ஒருவர் வரவிருந்தார். அவரைக் கூண்டில் ஏற்றலாமா?

"கூடாது."

1998 ஆகஸ்ட் 7-ல் நைரோபியிலும் டார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்ந்தன. 224 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தாக்குதல்களில் குற்றம்சாட்டப்பட்டு 2004-ல் பாகிஸ்தானில் பிடிபட்ட கைலானி, குவான்டனாமோவுக்கு வருமுன் சி.ஐ.ஏ.வின் ரகசியச் சிறையில் இருந்தார். அங்கே அவரை வதைத்து வாங்கிய வாக்குமூலத்தில்தான் இந்தச் சாட்சியின் பெயரே கிடைத்தது. அது வற்புறுத்தலில் வந்ததல்ல என்று அரசு வாதாடவும் இல்லை.

"இதற்காகத்தான் ராணுவத் தீர்ப்பாயம் வேண்டும் என்றோம்" என்று வாஷிங்டனில் குரல்கள் எழுந்தன. ராணுவத் தீர்ப்பாயமும் இந்தச் சாட்சியை ஏற்றிருக்கும் என்று சொல்ல முடியாது என கப்லான் அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். அதைப் படித்தவர்கள் குறைவு. பயம் சூழ்ந்த நேரத்திலும் அரசியலமைப்பைக் கைவிடக்கூடாது என்று அந்த மனிதர் நின்றார். இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த நீதிபதிகளில் என் மனம் அதிகம் மதிப்பது அவரைத்தான்.

பெரிய சாட்சி இல்லாமலே விசாரணை தொடங்கியது. குண்டு ஏற்றிய நிசான் லாரி, கேஸ் சிலிண்டர்கள், கைலானியின் பூட்டிய அலமாரியில் கிடைத்த டெட்டனேட்டர் என்று அரசு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. விவரம் தெரியாமல் ஏமாந்து எடுபிடி வேலை பார்த்த இளைஞன் என்றது எதிர்த்தரப்பு. தன் பக்கம் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. 285 குற்றச்சாட்டுகள். பெயர் வெளியிடப்படாத 12 ஜூரிகள் அறைக்குள் போனார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும்.

நவம்பர் 15, திங்கள்கிழமை. உள்ளிருந்து நீதிபதிக்கு ஒரு சீட்டு வந்தது. எழுதியவர் ஒரே ஒரு ஜூரி. என் முடிவு மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை, அது மாறவும் மாறாது; இதற்காக என்மேல் பாய்கிறார்கள்; என்னை விடுவித்து வேறொருவரை உட்கார வைக்க முடியுமா?

விசாரணையே செல்லாது என்று அறிவியுங்கள் என எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் எழுந்தார்கள். கப்லான் மறுத்தார். சீட்டு எழுதியவரும் சேர்ந்து, பன்னிரண்டு பேரும் மறுபடி அறைக்குள் போனார்கள், கதவு சாத்தப்பட்டது.

அந்த ஒருவர் கைலானியை விடுவிக்கச் சொன்னாரா, தண்டிக்கச் சொன்னாரா? சீட்டில் அது இல்லை.

(தொடரும்)