விடிவிளக்கும் எமர்ஜென்சியும்

சீட்டா கேம்பில் களப்பணி செய்துகொண்டிருந்தபோது, நெல்லைப் பேச்சு இன்னும் மாறாத ஒரு முதியவரிடம், "ஆச்சி, எமர்ஜென்சி எப்ப வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் சற்றும் யோசிக்கவில்லை. "போன தீவாளிக்குத் தம்பி. பேரன் வாங்கிட்டு வந்தான்" என்று சுவரைக் காட்டினார். அங்கே பிளக் பாயிண்டில் உள்ளங்கையளவு வெள்ளை விளக்கு ஒன்று செருகியிருந்தது. இரவு முழுவதும் மங்கலாக எரியும். மின்சாரம் நின்றால் தானாகவே பளிச்சென்று ஒளிரும். பிடுங்கிக் கையில் எடுத்தால் டார்ச். கடைக்காரர் அதை நைட் லாம்ப் என்கிறார், ஆச்சி வீட்டில் அதன் பெயர் எமர்ஜென்சி.

நான் கேட்டது 1975ஐ என்று விளங்கியதும் அவர் முகம் மாறியது. "இந்திரா காந்தி எமர்ஜென்சியா? அதுலதான எங்கள இங்க கொண்டாந்து தள்ளுனாவ" என்றார். அவர் பயன்படுத்திய வினைமுற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஒரே சொல் ஓர் ஆட்சிக்காலத்துக்கும் ஒரு வீட்டுப் பொருளுக்கும் பெயராக நிற்பது விந்தையன்று. எழுத்துத் தமிழ் முதலதை நெருக்கடி நிலை என்று பெயர்த்துக்கொண்டது. இரண்டாவதைப் பெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை. ஆனால் இவ்விளக்கின் மூத்த வடிவத்துக்குத் தமிழில் அருமையான ஒரு சொல் உண்டு: விடிவிளக்கு. விடியும்வரை எரிவதால் விடிவிளக்கு. ஆங்கிலம் இரவை வைத்துப் பெயரிட்ட பொருளைத் தமிழ் விடியலை வைத்துப் பெயரிட்டிருக்கிறது. அந்தச் சொல்லை இடம்பெயர்த்தது 'ஜீரோ வாட்ஸ் பல்ப்'. சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் படுக்கையறைகளில் எரிந்த அந்தக் குமிழ்கள் பூச்சிய வாட் அல்ல. 12 முதல் 15 வாட் வரை இழுத்தன. மற்ற விளக்குகள் எல்லாம் அணைந்த இரவில், சுழலும் வட்டு கொண்ட பழைய மீட்டர் அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு அசைந்து கொடுக்காது, ஆகவே 'ஜீரோ'. விளக்கின் இயல்பைக் கொண்டு அமைந்த பெயரன்று அது. மீட்டரின் பார்வைக் குறைவால் அமைந்த பெயர். மின்னணு மீட்டர் வந்தபின் பார்வை கூர்மையாயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மும்பையின் இந்தக் கிழக்கு ஓரத்தில் மீட்டர் என்பது கட்டணக் கருவி மட்டுமல்ல. 1976 ஜனவரியில் மராட்டிய அரசு குடிசைக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி, பதிவான குடும்பங்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்கியது. பேச்சு வழக்கில் அது போட்டோபாஸ். பின்னாளில் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் தகுதிக்கான இறுதி நாள் முதலில் 1995 ஜனவரி 1 என்றும், பிறகு 2000 ஜனவரி 1 என்றும் வகுக்கப்பட்டபோது, அந்நாளுக்கு முன்பே ஒருவர் அங்கே வாழ்ந்தார் என்பதைக் காட்டும் தாள்களுள் ஒன்றாக மின்கட்டண ரசீதும் ஆயிற்று. ஆச்சி பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ரசீதுகளில் மூன்று பெயர்களைக் கண்டேன்: பி.எஸ்.இ.எஸ்., ரிலையன்ஸ், அதானி. புறநகர் மின்விநியோகம் கைமாறிய வரலாறு அந்தப் பையில் வரிசையாக இருக்கிறது. மீட்டர் இல்லாமல், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து எரித்தவர்களிடம் இப்படியொரு பை இல்லை. அவர்கள் எரித்த விளக்கும் ஒரு வகையில் ஜீரோ வாட்ஸ்தான்.

இனி, ஆச்சியைத் தள்ளிய எமர்ஜென்சி. மான்குர்துக்கு அருகே இருந்த ஜனதா காலனியில் சுமார் 70,000 பேர் வாழ்ந்தனர், தமிழர் பெருந்தொகையினர். பக்கத்தில் வளர்ந்து வந்த அணுசக்தி ஆய்வு மையத்துக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது. அந்த மக்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடியவர் ஜோக்கின் அற்புதம். 1974இல் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை நிறுவியவர், 2000இல் மகசேசே விருது பெற்றவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், காவலர் புடைசூழ ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். அதுவே சீட்டா கேம்ப்.

இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அற்புதம் பிறந்தது கோலார் தங்கவயலில். 1902இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடி வந்து சேர்ந்த இடம் அது; இந்தியாவில் அதற்கு முன் அவ்வளவு தொலைவுக்கு மின்சாரம் சென்றதில்லை. சென்றது சுரங்கத்துக்கு. அவர் வாழவந்த டிராம்பேயிலும் அதே அமைப்புதான். 1956இல் டாடாவின் அனல் மின்நிலையம் இங்கே இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா உயிர்பெற்றது. (அப்சரா ஆய்வு உலை, மின்சாரம் தருவதன்று.) நாட்டின் ஆற்றல் கனவுகள் குடியேறிய அந்த நிலத்தில்தான், இருட்டில் கால் வைக்க இடம் தெரியாத சதுப்பில், 1976இன் மழைக்காலத்தை இம்மக்கள் அரிக்கேன் விளக்கோடு எதிர்கொண்டனர்.

இப்போது அந்த வெள்ளை விளக்கின் உள்ளே பார்ப்போம். சிறிய மின்கலம் ஒன்று; சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை அதில் மின்னேற்றம் நடக்கும். வரத்து நின்ற கணத்தில் சுற்று மாறி, மின்கலம் விளக்கை எரிக்கும். நகரமே இருண்டாலும், நாம் அதைப் பிடுங்கி எடுத்தாலும் அதற்கு நிகழ்வது ஒன்றே: வரத்து நின்றுவிட்டது. டார்ச்சாகவும் பயன்படுவது இதனால்தான். அதற்கென்று தனியாக ஒரு வித்தை அதனுள் இல்லை. மின்கம்பி அறுந்ததா, கட்டணம் செலுத்தாததால் துண்டித்தார்களா, வீட்டை இடிக்க வந்தவர்கள் முதலில் ஒயரைப் பிடுங்கினார்களா என்பது அந்தச் சுற்றுக்கு ஒருபோதும் தெரியாது.

தமிழ் வினைக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 'கரண்ட் போச்சு' என்கிறோம். தாராவியிலும் மான்குர்திலும் 'லைட் போச்சு' என்பது மிகுதி. மராத்தியின் 'லைட் கேலி' அருகிலேயே ஒலிப்பதன் விளைவாக இருக்கலாம். எப்படியானாலும் 'போ' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. மழைபோல, காய்ச்சல்போல, மின்சாரம் தானே வருகிறது, தானே போகிறது. ஆனால் அதே வீடுகளில் வேறொரு நாளின் இருட்டுக்கு 'லைனைக் கட் பண்ணிட்டாங்க' என்றே சொல்வார்கள். இங்கே வினை குன்றா வினையாகிறது, பன்மை விகுதி வருகிறது, எழுவாய் மட்டும் தோன்றுவதில்லை. யார் என்று கேட்டால், "அவங்கதான்" என்பார்கள். ஆச்சியின் 'தள்ளுனாவ'வும் இவ்வகையே. பத்து வீடுகளில் பதிவுசெய்த உரையாடல்களில் இந்த இரண்டையும் யாரும் ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை. இலக்கண நூல்கள் தோன்றா எழுவாயை எளிய செய்தியாக இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. இங்கே அது அதிகாரத்தின் முகவரி.

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை, காலை 10 மணியளவில் மும்பை முழுவதும் மின்சாரம் நின்றது. மின்தொகுப்பு விழுந்தாலும் மும்பையை மட்டும் தீவுபோலப் பிரித்துக் காக்கும் ஏற்பாடு அன்று கைகொடுக்கவில்லை. புறநகர் ரயில்கள் நடுவழியில் நின்றன. தடையில்லா மின்சாரத்துக்குப் பழகிய நகரம் திகைத்தது. 2012இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டில் கிடந்ததை அறிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் திகைப்பு கொஞ்சம் வேடிக்கையாகவே பட்டது. எனக்குச் சுவையானது பின்னால் நடந்தது. 2021 மார்ச் தொடக்கத்தில், இது இணையவழி நாசவேலையாக இருக்கலாம் என்றார் மாநில உள்துறை அமைச்சர். மனிதத் தவறுதான் என்றார் ஒன்றிய மின்துறை அமைச்சர். போனதா, எடுத்தார்களா என்ற கேள்விதான் அது. மான்குர்தில் அந்தக் கேள்விக்கு அமைச்சரவைகள் தேவைப்பட்டதில்லை.

கடைசியாக ஒரு வீடு. மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்ட், நகரப் போக்குவரத்துத் திட்டங்களுக்காக இருப்புப்பாதை ஓரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குக் கட்டிய குடியிருப்பு. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி சுமார் 3 மீட்டர். இங்கும் கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் நடத்திய ஆய்வில், காற்றும் வெளிச்சமும் புகாத அமைப்புக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பு 2018இல் சுட்டிக்காட்டியது. அங்கே தரைத்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் வாங்கியிருந்தது ஒளியுணரி பொருத்திய வகை. இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். நான் போனது பகல் 12 மணிக்கு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வாங்குன நாள்லேர்ந்து இப்படித்தான் அண்ணா, அணையவே மாட்டேங்குது. பீஸ் சரியில்ல போல" என்றார் வீட்டுக்காரர். இருவரும் அதைப் பிடுங்கிக்கொண்டு மேல்மாடியில் அவருடைய மைத்துனர் வீட்டுக்குப் போனோம். சன்னலுக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினார். உடனே அணைந்துவிட்டது. கீழே கொண்டுவந்து பழைய இடத்தில் செருகினோம், எரிந்தது.