உடையார்குடிக் கல்வெட்டு

சுந்தர சோழனின் மூத்த மகனும் பாண்டியன் தலைகொண்டவனுமாகிய ஆதித்த கரிகாலன், கி.பி. 970-ஐ ஒட்டி வஞ்சகமாய்க் கொல்லப்பட்டான். அதனைக் கொலையென்றே கூறும் சான்று, காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரத்துக் கல்வெட்டாகும்.

முதல் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுச் சாசனமான அது, சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. பட்டப்பெயர்களை நோக்குக! அரசனிடம் சிறப்புப் பெற்ற அதிகாரிகளே இளவரசனைக் கொன்றனர். அவர்தம் உடைமைகளோடு உறவினர் உடைமைகளும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் வாயிலாகப் பறிமுதலாயின. உயிர்த்தண்டம் பற்றிய பேச்சே அதில் இல்லை.

கொலைக்குப்பின் பட்டமெய்திய உத்தம சோழன் 985 வரை ஆண்டும் குற்றவாளிகளைத் தண்டியாமை கண்டு, நீலகண்ட சாத்திரியார் அவன்மீதே ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்றிலர். உத்தமன் தமையனைக் கொல்வித்தவனாயின், அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனைத் திருக்கோயில்களை ஆராயும் உயர்பணியில் இராசராசன் அமர்த்துவனோ? இவ்வினாவே வலிமையுடையது. அன்றியும், இச்சாசனம் கொலைவழக்கின் தீர்ப்போலை அன்று. பறிமுதலான நிலத்தின் விற்பனையைக் குறிப்பது. தண்டனை தொடங்கிய நாளை அதிலிருந்து அறுதியிடல் பொருந்தாது.

துரோகிகளின் அந்நிலம் பொன் கொடுத்து வாங்கப்பெற்று, அனந்தீசுவரத்தில் அந்தணரை உண்பிக்கும் அறத்திற்கு ஆயிற்று.